பத்துப் பீரியடில் உலகமயமாதல்: எந்த வழியில் நடத்தலாம்?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் உலகமயமாதல் பாடத்துக்கு, தேர்வும் லீவும் விழாவும் போக என் கையில் மிஞ்சுவது பத்துப் பீரியடு. ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் அதிலும் ஐந்து நிமிடம் போய்விடும். இந்தப் பத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

திருப்பூரை ஒட்டிய ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வகுப்பில் நாற்பத்தைந்து பேர். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர். கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயர்னிங் என்ற சொற்களை என்னைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளைகளிடம் போய் 'உலகமயமாதல் என்றால் என்ன?' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, நான்கு வரி வரையறையை நோட்டில் எழுதச் சொன்ன வருடங்கள் எனக்கும் உண்டு. எழுதினார்கள், மனப்பாடம் செய்தார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள். அந்த நான்கு வரிக்கும் தன் அம்மா காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. அந்த உறுத்தலில்தான் வேறு வழிகளைத் தேட ஆரம்பித்தேன். ஆசிரியர் கூட்டங்களில் சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிற வழிகள் ஆறு. ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு வருடம் முழுதாகவோ அரைகுறையாகவோ செய்து பார்த்துவிட்டேன்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி பெஞ்சுப் பிள்ளை வாய் திறக்கிறதா என்று பார்ப்பேன். மணி அடித்த பிறகும் கேள்வி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பொதுத்தேர்வு இருப்பதால் பாடமும் முடிந்தாக வேண்டும்.

பாடப்புத்தகத்தை வரிசையாக நடத்துவது

இதைக் குறைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புத்தகம் தருகிற ஒன்றை வேறு எந்த வழியும் தராது. அதுதான் வருட வரிசை. 1947-இல் 23 நாடுகள் சேர்ந்து காட் என்கிற வணிக, சுங்கவரிப் பொது ஒப்பந்தம் போட்டது, 1991-இல் இந்தியா தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றியது, 1995 ஜனவரி 1-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. இந்த முதுகெலும்பு இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் பிள்ளைகள் மனதில் கதைகள் தங்கும், காலம் தங்காது.

புத்தக வழியில் போகிறவர்கள் 1991-இல் மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாக நடத்துங்கள். 'அந்நியச் செலாவணி நெருக்கடி' என்று சொன்னால் வகுப்பு கொட்டாவி விடும். அந்த வருடம் இந்தியாவிடம் இருந்த டாலர் இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலை. ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்துக் கடன் வாங்கியது. 'நாடு நகையை அடகு வைத்தது' என்று நான் சொன்ன அன்று, முன் பெஞ்சில் ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்து, "மீட்டாங்களா டீச்சர்?" என்றாள். அடகு என்றால் என்ன, வட்டி என்றால் என்ன, திருப்ப முடியாமல் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கடன் கொடுப்பவர் நிபந்தனை போடுவார் என்பதையோ, வெளிநாட்டுப் பொருளுக்கும் கம்பெனிக்கும் கதவுகள் ஏன் திறந்துவிடப்பட்டன என்பதையோ விளக்க எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

குறை எங்கே என்றால், புத்தகத்தில் நன்மைகள் ஒரு பட்டியல், தீமைகள் ஒரு பட்டியல். இரண்டும் யாருக்கு என்ற கேள்வி அதில் வராது. ஒரே மாற்றம் ஒரு வீட்டில் அம்மாவின் கையில் முதல்முறையாகச் சொந்தச் சம்பளத்தைக் கொடுத்திருக்கும், பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு விவசாயியின் கிணற்றைக் கெடுத்திருக்கும். பட்டியலில் இவை தனித்தனி எண்கள். நேரில் அது ஒரே சங்கிலி.

ஒரு பொருளின் பின்னால் போவது

நான் அதிக நேரம் கொடுப்பது இதற்குத்தான். எங்கள் ஊரில் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. திருப்பூர்த் துணிச் சந்தையான காதர்பேட்டையில் எடுத்த எக்ஸ்போர்ட் மிச்ச டி-ஷர்ட் ஒன்றாவது எல்லார் வீட்டிலும் இருக்கும். மறுநாள் ஒன்று எடுத்துவரச் சொல்வேன். மேசையில் போட்டு உள்பக்கத்தை வெளியே திருப்பினால் இடது விலாப்பக்கத் தையலில் ஒரு சின்ன லேபிள் தொங்கும், சில சமயம் ஐந்தாறு மடிப்பாக. அதில் துவைக்கிற வாளியும் அயர்ன் பாக்ஸும் படமாக இருக்கும். கீழே ஒரே வாசகம் பல மொழிகளில் திரும்பத் திரும்ப வரும்.

ஒருமுறை அப்படி வந்த சட்டை ஒன்றில் பதினோரு மொழிகளை எண்ணினார்கள். எந்த எழுத்து எந்த நாடு என்று வரைபடத்தில் தேட வைத்ததிலேயே ஒரு பீரியடு ஓடிவிட்டது. வீண் என்று நினைக்கவில்லை. தன் தெருவில் தைத்த துணியின் லேபிளைப் போலந்தில் ஒருவர் படிப்பார் என்பதை அன்றைக்குத்தான் அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்து, சட்டை வந்த பாதை. பஞ்சு குஜராத்திலிருந்தோ மகாராஷ்டிராவிலிருந்தோ தெலங்கானாவிலிருந்தோ வருகிறது. கோவை, திண்டுக்கல் பக்கத்து மில்களில் நூலாகிறது. திருப்பூரில் நிட்டிங், சாயப்பட்டறை, துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்கிற காம்பாக்டிங், பிறகு கட்டிங் டேபிள். பேக்கிங் முடிந்து லாரியில் தூத்துக்குடி. அங்கிருந்து பல கண்டெய்னர்கள் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், பெரிய கப்பலுக்கு மாறி, சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா போகின்றன. இதைப் பிள்ளைகளே வீட்டில் கேட்டு நிரப்ப வேண்டும். நான் ஓட்டைகளை மட்டும் அடைப்பேன். ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "மெஷின் எங்கிருந்து வருதுன்னு நீங்க கேட்கவே இல்லையே டீச்சர்" என்றான். அவன் அப்பா மெக்கானிக். தையல் மெஷினில் ஜூக்கி என்று எழுதியிருக்கும், அது ஜப்பான். நிட்டிங் மெஷின்களில் ஜெர்மன் பெயர் இருக்கும். அதுவரை எங்கள் வரைபடத்தில் அம்புகள் எல்லாம் திருப்பூரிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தன. அன்று முதல் உள்ளே வருகிற அம்புகளும் சேர்ந்தன.

இந்த ஒரு சட்டையை வைத்தே சர்வதேசப் பிரச்சினைகள் பலவற்றுக்குப் போகலாம். நான் போகிற பாதைகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

வீட்டில் பெரியவர்கள் 'அந்தக் காலத்துல கோட்டா இருந்துச்சு' என்று சொல்வார்கள். 1974 முதல் பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்கலாம் என்று அளவு வைத்திருந்தன. அதுதான் கோட்டா. உலக வர்த்தக அமைப்பு வந்தபின் பத்து வருடத்தில் படிப்படியாகத் தளர்த்தி, 2005 ஜனவரி 1-இல் அதை முழுவதும் எடுத்தார்கள். தாத்தாவின் ஒரு சொல்லிலிருந்து உலக வர்த்தக அமைப்பு வரை ஒரே எட்டில் போகலாம். பங்களாதேஷ் சட்டைக்கு ஐரோப்பா 2001 முதல் வரி போடுவதில்லை, வளர்ச்சி குறைந்த நாடுகளுக்கான சலுகை அது. இந்தியச் சட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே தையல், அதே பஞ்சு, வரி மட்டும் வேறு. இது நியாயமா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும், நல்லதுதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது எங்கள் பிள்ளைகளுக்கு நான் செய்தித்தாள் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானது அவர்கள் வீட்டில்தான்.

எங்கள் ஊர் நொய்யல் ஆறு இருக்கிறது. சாயக்கழிவு ஆற்றில் கலந்து, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே விவசாயிகளுக்கு வேண்டாத அணையானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சட்டை போகிற நாட்டில் ஆறு சுத்தமாக ஓடுகிறது, சட்டை செய்கிற ஊரில் ஆறு நிறம் மாறுகிறது என்பதை எந்த வரையறையை வைத்துச் சொல்லிக் கொடுப்பது? எங்கள் பிள்ளைகள் பாலத்தின் மேலிருந்து பார்த்தாலே போதும்.

ராணா பிளாசாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர் என்ற ஊர். எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23-இல் சுவரில் விரிசல் விட்டது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாள் காலை மேல்மாடித் தையல் கம்பெனிகளுக்கு ஆட்களை வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். நான் இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பையன், "அப்ப அந்த ஆர்டரெல்லாம் நமக்கு வந்திருக்குமுங்களே டீச்சர்?" என்று கேட்டான். கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆர்டர் வந்தால் வீட்டில் வேலை இருக்கும் என்று வளர்ந்த பிள்ளை. வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. நானும் பேசவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், அவள் அம்மா செக்கிங்கில் இருக்கிறவர், மெதுவாகக் கேட்டாள்: "விரிசல் விட்டது தெரிஞ்சும் ஏன் உள்ளே போனாங்க?" அவளுக்கு பதில் சொன்னது அந்தப் பையனேதான். "போகலைன்னா சம்பளம் தர மாட்டாங்கன்னு சொல்லியிருப்பாங்க." உண்மையில் அப்படித்தான் மிரட்டியிருந்தார்கள். புத்தகம் படிக்காமலே அவனுக்கு அது தெரிந்திருந்தது. போட்டி நாட்டுத் தொழிலாளி தன் அம்மாவைப் போன்றவர் என்பதை அன்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த வழியில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதை மறைத்தால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். வீட்டுத் தொழிலைப் பாடமாக்கும்போது வீட்டு வறுமையும் வகுப்புக்கு வந்துவிடும். முதல் வருடம் 'பீஸ் ரேட் எவ்வளவு, வாரச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு வாருங்கள்' என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். மறுநாள் ஒரு பெண் பள்ளிக்கே வரவில்லை. அவள் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு சம்பளம் கேட்பதில்லை. வேலையின் பெயர், ஒரு நாளில் கை தொடுகிற பீஸ் எண்ணிக்கை, எந்த நாட்டு ஆர்டர் என்பவற்றை மட்டும் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் எழுதிப் போடச் சொல்கிறேன். மில்லுக்கு வேலைக்குப் போன அக்கா யாருக்காவது இருக்கலாம் என்பதால் சுமங்கலித் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது யாரையும் பார்த்துப் பேசுவதில்லை. மூன்று வருடம் வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று பதின்ம வயதுப் பெண்களை மில் விடுதிகளில் வைத்திருந்த ஏற்பாடு அது. அதே வயதுப் பெண்கள்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காகிதமும் கத்தரிக்கோலும்

பிரிட்டனின் கிறிஸ்டியன் எய்ட் அமைப்பு பள்ளிகளில் பரப்பிய வணிக விளையாட்டு ஒன்று உண்டு. வகுப்பை ஐந்தாறு நாடுகளாகப் பிரிக்க வேண்டும். காகிதத்தில் வட்டம், முக்கோணம், செவ்வகம் என்று சொன்ன அளவில் வெட்டிக் கொடுத்தால் 'வங்கி' காசு கொடுக்கும். ஒரு நாட்டுக்குக் கத்தரிக்கோல், ஸ்கேல், காம்பஸ் எல்லாம் கிடைக்கும், காகிதம் ஒன்றிரண்டு தாள்தான். இன்னொரு நாட்டுக்குக் கட்டுக்கட்டாகக் காகிதம், வெட்ட ஒன்றும் கிடையாது. ஆசிரியர் விதியை மட்டும் படித்துவிட்டு விலகிவிட வேண்டும்.

செலவு முப்பது நாற்பது ரூபாய். தேவை இரண்டு பீரியடு, அடுத்தடுத்து வந்தால் நல்லது. தொடங்கிய ஐந்தாவது நிமிடம் காகித நாட்டுப் பிள்ளைகள் தாளை மடித்து, எச்சில் தொட்டுக் கிழித்துப் பார்ப்பார்கள். ஓரம் பிசிறாக இருக்கிறது என்று வங்கி தள்ளிவிடும். பிறகு கத்தரிக்கோல் நாட்டிடம் போய் நிற்பார்கள். "பாதித் தாள் கொடு, பத்து நிமிஷம் தர்றேன்" என்று பேரம். நடுவில் நான் வட்டத்தின் விலையைப் பாதியாக்குவேன், காரணம் சொல்லாமல். வட்டம் மட்டும் வெட்டிக்கொண்டிருந்த நாடு ஒரே அடியில் உட்கார்ந்துவிடும். ஒரு வருடம் ஒரு பையன் கோபத்தில் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு, "இது ஏமாத்து வேலை டீச்சர், ஆரம்பத்துலயே சமமா கொடுக்கலை" என்றான். அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வகுப்பு முழுவதையும் நடத்தினேன். பருத்தி விளைகிற நாடு ஏன் பணக்கார நாடாகவில்லை, நூலின் விலை யார் சொல்லி ஏறுகிறது, ஆர்டர் கொடுக்கிற பையர் ரேட்டைக் குறைத்தால் சின்ன யூனிட் என்ன ஆகும் என்றெல்லாம் பேச அது போதுமாக இருந்தது.

கடைசி பெஞ்சு வாய் திறப்பதில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. எழுதப் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைதான் பெரும்பாலும் நல்ல பேரம் பேசும். ஆனால் விளையாட்டை மட்டும் நடத்திவிட்டு நிறுத்தினால் 'உலகம் அநியாயமானது, அவ்வளவுதான்' என்ற கசப்போடு பிள்ளைகள் எழுந்து போவார்கள். விளையாட்டுக்குப் பிறகு பேசுகிற நேரம் விளையாடின நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த நேரம் இல்லையென்றால் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மாதிரி ஐ.நா. சபை

பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக நின்று, ஐ.நா.வில் போல வாதாடி ஓட்டுப் போடுவது இது. பெரிய தனியார் பள்ளிகள் நடத்துகிற மாதிரிப் பார்த்தால் நம்மால் ஆகாத காரியம். கோட், டை, ஆங்கிலம், பங்கேற்புக் கட்டணம். என் பிள்ளைகள் இருவரை ஒருமுறை அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்கள். பஸ்ஸில் வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அது அவர்கள் குறையல்ல.

அதையே நம் வகுப்பில், தமிழில், சிறிதாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. 193 நாட்டுப் பொதுச்சபையை விட்டுவிட்டுப் பாதுகாப்புச் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 15 நாடுகள், 45 பிள்ளைகள், நாட்டுக்கு மூன்று பேர் என்று கணக்கு சரியாக வரும். ஐந்து நாட்டுக்கு வீட்டோ, அதாவது தனியாகவே தீர்மானத்தைத் தடுக்கிற அதிகாரம். பதிமூன்று நாடு கை தூக்கி, ஒரு நாடு ஒதுங்கி, ஒரே ஒரு நாடு வேண்டாம் என்றதும் தீர்மானம் செத்துப்போவதைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். 2024 பிப்ரவரி 20-இல் காசா போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவு, பிரிட்டன் நடுநிலை, அமெரிக்கா வீட்டோ. 2022 பிப்ரவரி 25-இல் உக்ரைன் தீர்மானத்துக்கு 11 நாடுகள் ஆதரவு, ரஷ்யா வீட்டோ. அந்த ஓட்டெடுப்பில் சீனா, ஐக்கிய அரபு அமீரகம் இவற்றோடு இந்தியாவும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகிவிடும்.

இதில் கிடைக்கிற பெரிய லாபம், தனக்குப் பிடிக்காத நாட்டின் வாதத்தைத் தன் வாயால் சொல்லிப் பார்ப்பது. பதினைந்து வயதில் அந்தப் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் உலகமயமாதலைச் சொல்லிக் கொடுக்க இது போதாது என்பது என் கருத்து. இந்த மேடையில் நாடுகள் மட்டுமே பேசுகின்றன. கம்பெனி பேசுவதில்லை, கப்பல் பேசுவதில்லை, தைக்கிறவர் பேசுவதில்லை. ராணா பிளாசாவுக்குப் பிறகு கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும். இன்றைய உலகம் பாதி அந்த வழியில் ஓடுகிறது. அதனால் இதைப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியலுக்கு ஒதுக்கி வைக்கச் சொல்வேன். பத்தாம் வகுப்பின் பத்துப் பீரியடில் மூன்றை இதற்குக் கொடுப்பது கட்டாது.

செய்தித்தாள்

வாரம் ஒரு உலகச் செய்தியை வெட்டி ஒட்டி வரச் சொல்வது பல பள்ளிகளில் இருக்கிறது. தனியாகச் செய்தால் பயனில்லை என்பதை நோட்டைப் புரட்டினாலே தெரிந்துகொள்ளலாம். ஒரு பக்கம் நிலநடுக்கம், மறுபக்கம் ஒரு நாட்டு அதிபர், அதற்கடுத்து போர். ஒன்றுக்கொன்று ஒட்டாது. பயமும் பக்கச் சாய்வும்தான் மிஞ்சும்.

ஆனால் சட்டையின் பாதையை வரைந்து முடித்த வகுப்பில் இதே செய்தித்தாள் வேறு மாதிரி வேலை செய்யும். 2021 மார்ச் 23-இல் எவர் கிவன் என்ற 400 மீட்டர் கப்பல் சூயஸில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது ஏமன் நாட்டு ஹூதி ஆயுதக் குழுவினர் தாக்கத் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. வரைபடத்தில் சூயஸில் ஒரு விரலை வைத்து 'இங்கே அடைத்தால் சட்டை எந்த வழி போகும்?' என்று கேட்டால் நன்னம்பிக்கை முனையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். அப்படிக் கண்டுபிடித்த பிள்ளை மறுவாரம் தானாகச் செய்தி கொண்டுவரும். அதனால் செய்தித்தாளை இரண்டாவதாக வையுங்கள், முதலாவதாக வேண்டாம்.

வெளிநாட்டுப் பள்ளியோடு இணைய வழிச் சந்திப்பு

ஒருமுறை செய்தோம். நெட் மூன்று முறை அறுந்தது. அங்கே அவர்கள் பாடினார்கள், இங்கே நாங்கள் கும்மி ஆடினோம், இரு பக்கமும் கை தட்டினோம். அன்பாகத்தான் இருந்தது. உலகமயமாதலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்க்கிற இடம் என் வகுப்பறையே. எங்கள் பள்ளியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்பா அம்மா பனியன் வேலைக்கு வந்தவர்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகிற ரயில் எங்கள் ஊரில் நிற்கிறது. அந்த ரயிலில் வந்த பிள்ளை தன் பயணத்தை வரைபடத்தில் வரைந்து காட்டினால், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தன் மாமாவை இன்னொரு பிள்ளை சேர்த்துச் சொல்லும். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், முதல் இரண்டு மாதம் தமிழ் வராமல் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தவன், அன்று கரும்பலகைக்கு வந்து தன் ஊர்ப் பெயரை ஒடியாவிலும் தமிழிலும் எழுதினான். பக்கத்துப் பையன் அந்த வட்ட வட்ட எழுத்தைத் தன் நோட்டில் எழுதிப் பார்த்தான். ஸ்கைப்பும் ஜூமும் இல்லாமலே நடந்தது இது.

நான் பிரிக்கிற கணக்கு

பத்துப் பீரியடில் சட்டைக்கு ஐந்து. புத்தகத்துக்கு இரண்டு, 1991-க்கு ஒன்றும் வருட வரிசைக்கு ஒன்றுமாக. விளையாட்டும் அதன் பின்பேச்சும் சேர்த்து இரண்டு. கடைசிப் பீரியடு செய்திக்கு. வரிசையும் முக்கியம். முதலில் சட்டை, நடுவில் விளையாட்டு, அதன் பிறகே புத்தகம். புத்தகத்தை முதலில் வைத்த வருடம் 'இது தேர்வுக்கு வருமா?' என்று ஆரம்பித்துவிட்டார்கள், பிறகு எதைக் காட்டினாலும் அதே கேள்விதான். புத்தகம் கடைசியில் வரும்போது தங்களுக்குத் தெரிந்த விஷயத்துக்குப் பெயர் தேடிப் படிக்கிறார்கள். மதிப்பெண் குறையுமோ என்று தலைமையாசிரியர் கவலைப்பட்டது நியாயம்தான். குறையவில்லை. விரிவான விடையில் சொந்த உதாரணம் எழுதுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

உங்களுக்கு ஐந்தே பீரியடுதான் என்றால் விளையாட்டை விடுங்கள். சட்டைக்கு மூன்று, புத்தகத்துக்கு இரண்டு. ஆங்கிலவழிப் பள்ளியில், வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு என் வரிசை பொருந்தாது. அங்கே விளையாட்டை முதலில் வையுங்கள். கத்தரிக்கோல் இல்லாத நாட்டில் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தபின் லேபிளைத் திருப்பினால் அவர்கள் அதை வேறு மாதிரிப் படிப்பார்கள்.

சட்டை எங்கள் ஊர்ப் பொருள். அதை அப்படியே எடுத்து நடத்த வேண்டாம். நீலகிரியில் இருக்கிற ஆசிரியருக்குத் தேயிலை இருக்கிறது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களின் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்காக அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது. அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் கூடலூர், கோத்தகிரி வகுப்புகளில் இருப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் இந்தியாவும் இலங்கையும் 1974-இல் வகுத்த கடல் எல்லையும், நம் படகுகளின் இழுவை மடியால் வடஇலங்கைத் தமிழ் மீனவர் படுகிற பாடும். அதை நம் பக்கத்திலிருந்து மட்டும் சொல்லாமல் இருக்க நெஞ்சுரம் வேண்டும், இருந்தாலும் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன். 2006-இல் திறந்த ஆலை, ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதல் வேலை. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்த அக்கா ஒருவர் உங்கள் பள்ளித் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர் வகுப்புக்கு வந்து அரைமணி நேரம் பேசச் சம்மதித்தால், என் சட்டைக் கணக்கின் ஐந்து பீரியடையும் அவருக்கே கொடுத்துவிடலாம்.

இந்த வருடச் சட்டையைப் பிள்ளைகள் எடுத்துவந்துவிட்டார்கள். நீலக்கோடு போட்ட குழந்தைச் சட்டை, ஒரு பொத்தான் விட்டுப்போனதால் செக்கிங்கில் கழித்தது. வரைபடம் திங்கட்கிழமை.